பதினேழு வருட அமைதி

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். வருடம் 1890. நீங்கள் வடபீகாரில், முசாஃபர்பூர் பக்கம், அவுரி பயிரிட்டு நீலச்சாயம் எடுக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரை. பத்து வருடமாக ஒரு செய்தி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: ஜெர்மனியில் ஒரு வேதியியல் பேராசிரியர் செடியே இல்லாமல் நீலத்தைச் செய்துவிட்டார். பத்து வருடமாக ஒன்றும் நடக்கவும் இல்லை. கல்கத்தாவில் உங்கள் சரக்குக்கு விலை இருக்கிறது. இந்த வருடம் அவுரி விதைப்பீர்களா, மாட்டீர்களா?

விதைப்பீர்கள். நானும் விதைத்திருப்பேன்.

முடிவு தெரிந்த பிறகு படிப்பதால் இந்தக் கதையை நாம் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 'செயற்கை நீலம் வந்தது, இயற்கை நீலம் அழிந்தது, தோட்டக்காரர்கள் தூங்கிவிட்டார்கள்' என்று மூன்று வரி. எண்களும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருக்கின்றன. 1897-ல் உலகத்தில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். அதற்காக ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீட்டர் நிலம் பயிராகிக்கொண்டிருந்தது, பெரும்பகுதி இந்தியாவில். 1914-ல் அது சுமார் 1,000 டன். பதினேழு வருடத்தில் ஒரு தொழில் போய்விட்டது.

நான் இதைத் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் அந்தப் பதினேழு வருடம் அல்ல, அதற்கு முந்தைய பதினேழு வருடம். 1880-லிருந்து 1897 வரை. எச்சரிக்கை வந்துவிட்டது, ஆபத்து வரவில்லை. அந்த இடைவெளியில் நியாயமான புத்தியுள்ள ஒருவர் என்ன செய்திருக்க முடியும்? இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை. 'இனிமே கோடு எழுத ஆள் தேவையில்லை' என்பதை நான்காம் தலைமுறை மொழிகள், படம் வரைந்தால் நிரலாகும் கருவிகள், லோ-கோடு என்று வெவ்வேறு பெயரில் கேட்டுக் கேட்டுச் சிரித்துப் பழகிய ஆள் நான். இப்போது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சரி, பீகாருக்குப் போவோம்.

முதலில், அந்தத் துரைமார்களிடம் ஒரு முன்னுதாரணம் இருந்தது. மஞ்சிட்டி வகைச் செடி ஒன்றின் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். பிரான்சின் அவிஞோன் சுற்றுவட்டாரம் அதில் செழித்த பகுதி. அந்தச் சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை 1868-ல் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் சோதனைச்சாலையில் உருவாக்கினார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் தொழிற்சாலைச் சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது. அடுத்த பத்து வருடத்தில் வேர் பயிரிடும் தொழில் ஏறக்குறைய காலி. ஆக, 'சோதனைச்சாலையில் வந்துவிட்டது என்றால் சீக்கிரம் சந்தையிலும் வந்துவிடும்' என்று பயப்பட நியாயம் இருந்தது.

அதனால் 1880-ல் அடால்ஃப் ஃபான் பேயர் நீலத்தைச் செயற்கையாகத் தயாரித்து, பி.ஏ.எஸ்.எஃப், ஹெக்ஸ்ட் என்ற இரண்டு ஜெர்மன் கம்பெனிகளும் அவரிடம் காப்புரிமையை வாங்கியபோது அது சின்னச் செய்தி இல்லை. ஆனால் அந்த முறையில் செய்த நீலம் செடி நீலத்தைவிட விலை அதிகம். 1882-ல் பேயர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். அதற்கு டொலுயீன் என்ற பொருள் வேண்டும். நிலக்கரித் தாரிலிருந்து அன்று கிடைத்த டொலுயீன் அவ்வளவையும் கொட்டினாலும் உலகத்துக்குத் தேவையான நீலம் வராது. 1883-ல் நீல மூலக்கூறின் அமைப்பையே பேயர் சொல்லிவிட்டார். அறிவியல் முடிந்துவிட்டது. சரக்கு மட்டும் வரவில்லை.

'புலி வருது, புலி வருது' என்று ஒவ்வொரு வருடமும் சொன்னால் ஊர் எத்தனை தடவை கம்பெடுத்துக்கொண்டு ஓடும்? அலிசரினை வைத்துக் கணக்குப் போட்டவர் 1885-லேயே தோட்டத்தை விற்றிருப்பார். விற்றிருந்தால் பத்துப் பன்னிரண்டு வருட லாபத்தை இழந்து, கிளப்பில் எல்லோரும் சிரிக்க, ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். சீக்கிரமே சரியாக இருப்பதும் தப்பாக இருப்பதும் பல வருடங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இப்போது எதிர்த்தரப்பைப் பாருங்கள். லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப் உட்கார்ந்திருந்ததும் அதே இருட்டில்தான். இந்த ஆராய்ச்சிக்கு அவர்கள் மொத்தமாகச் செலவழித்தது சுமார் 18 மில்லியன் தங்க மார்க். அன்றைக்கு அந்தக் கம்பெனியின் மூலதனத்தோடு ஒப்பிடத்தக்க தொகை. ஹைன்ரிச் ஃபான் புரூங்க் என்ற தொழில்நுட்பத் தலைவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த வருடம் பலிக்கும் என்று அவரிடம் கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது.

பூட்டு திறந்தது எப்படி என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1890-ல் சூரிக்கில் கார்ல் ஹாய்மன் என்பவர் இரண்டு புது வழிகள் சொன்னார். ஒன்று அனிலீனிலிருந்து; அதில் விளைச்சல் மோசம். இன்னொன்று நாப்தலீனிலிருந்து. நாப்தலீன் என்றால் நம் பீரோவில் போடும் பாச்சை உருண்டைதான். நிலக்கரித் தாரில் தாராளமாகக் கிடைக்கும் பொருள். டொலுயீன் பிரச்சினை இதோடு தீர்ந்தது. ஆனால் நாப்தலீனைத் தாலிக் அமிலமாக மாற்ற வேண்டும். அந்த மாற்றம் மெதுவாக, செலவு பிடிப்பதாக இருந்தது. அதற்கு மிகக் கடுமையான கந்தக அமிலம் ஏராளமாக வேண்டும். வெளியேறும் கந்தக வாயுவைப் பிடித்துத் திரும்பவும் அமிலமாக்கினால்தான் கட்டுப்படியாகும். அதற்காக ருடால்ஃப் நீட்ச் என்ற அவர்களுடைய வேதியியலாளர் அமிலம் தயாரிக்கும் முறையையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. பிறகு குளோரின் வேண்டும். அது மின்சாரத்தால் உப்பைப் பிரித்து வர வேண்டும். நிரலாளர்களுக்கு இது பழகிய காட்சி. மேலே ஒரு வரி மாற்ற வேண்டும் என்று போனால் அதற்குக் கீழே சார்ந்திருக்கும் பதினாறு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

1896-ல் நடந்ததாகச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. நாப்தலீனை அமிலத்தோடு சூடாக்கிக் கொண்டிருந்தபோது வெப்பமானி ஒன்று உடைந்து பாதரசம் உள்ளே கொட்டிவிட்டது. வினை திடீரென்று வேகமெடுத்தது. பாதரசம் வினையூக்கியாக வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடிக் குழாய் உடைந்ததால் பீகார் விழுந்தது என்று இதை வைத்துச் சிலர் எழுதுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அமிலம், குளோரின், நாப்தலீன் எல்லாம் வரிசையில் தயாராக நின்றபோது உடைந்ததால்தான் அந்த வெப்பமானிக்குப் பெயர். 1882-ல் உடைந்திருந்தால் யாரோ ஒரு உதவியாளர் திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான்.

1897 ஜூலையில் சரக்கு சந்தைக்கு வந்தது.

துரைமார்கள் இந்தப் பதினேழு வருடமும் பார்த்துக்கொண்டிருந்தது எதை? நீலத்தின் விலையை. 'ஜெர்மன் நீலம் வந்ததா' என்ற ஒரே கேள்வியை. அதற்கு 1897 வரை பதில் 'இல்லை'. 1896-லும் இல்லை என்பதுதான் சரியான பதில். ஆனால் உண்மையான செய்தி நீலச்சந்தையில் இல்லை. கந்தக அமிலத்தில் இருந்தது, நாப்தலீனில் இருந்தது. எது தடையாக நிற்கிறது, அந்தத் தடையை யார் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், 1890-க்கும் 1897-க்கும் நடுவில் வித்தியாசம் தெரிந்திருக்கும். முசாஃபர்பூரில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்திருக்க முடியுமா என்றால், கஷ்டம்தான். பிந்திய அறிவு எனக்கு இருக்கிற மாதிரி அவர்களுக்கு இல்லை. ஆனால் லண்டனில் இருந்த சாயத் தரகர்களுக்கு முடிந்திருக்கும்.

அவர்களை மன்னிக்க முடியாத ஒரு இடம் உண்டு. ஜெர்மன் நீலம் வந்தாலும் வராவிட்டாலும் லாபம் தரக்கூடிய ஒரு வேலை பக்கத்திலேயே கிடந்தது. பீகாரில் பரம்பரையாகப் பயிரிட்ட அவுரியைவிட அதிகச் சாயம் தரும் வகை ஒன்று ஆப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து ஜாவாவுக்குப் போய் டச்சுக்காரர்களிடம் நன்றாக விளைந்துகொண்டிருந்தது. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, கலக்கி, படியும் நீலத்தைக் காய்ச்சிக் கட்டியாக்கும் முறையில் சாயத்தில் ஒரு பகுதி வீணாகிறது என்பதும் தெரியும். இரண்டிலும் கைவைத்தது எப்போது? ஜெர்மன் நீலம் வந்த பிறகு. தோட்டக்காரர் சங்கம் கிறிஸ்டோபர் ராசன் போன்ற வேதியியலாளர்களை வேலைக்கு அமர்த்தியது. சிர்சியாவில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நேட்டால்-ஜாவா விதை வந்தது. அந்தச் செடி முதலில் நன்றாகத்தான் வந்தது, பிறகு வாடல் நோய் பிடித்தது. பூசாவில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட் (பின்னாளில் இயற்கை வேளாண்மைக்காரர்கள் கொண்டாடும் அதே ஹோவர்ட்) அதன் வேரைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேலைகள் எல்லாம். பத்து வருடம் முன்னால் ஆரம்பித்திருக்க வேண்டிய வேலைகள்.

ஏன் ஆரம்பிக்கவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். நான் கணக்கைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பருவத்துக்கும் கல்கத்தா ஏஜென்சி நிறுவனங்கள் முன்பணம் கொடுக்கும். விளைந்த சரக்கு அந்தக் கடனுக்குப் போகும். அந்தந்த வருடத்துக் கடனில் ஓடும் தொழிலில் பத்து வருட ஆராய்ச்சிக்குக் காசு எங்கிருந்து வரும்? எதிரே லுட்விக்ஸ்ஹாஃபனில் மற்ற சாயங்களின் லாபம் நீலத்தின் நஷ்டத்தைச் சுமந்துகொண்டிருந்தது. தெரியாத எதிர்காலத்தைப் பற்றி இரண்டு தரப்புக்கும் அறிவு ஏறக்குறைய சமம்தான். எத்தனை வருடம் தப்பாக இருந்தும் உயிரோடு இருக்கலாம் என்பதில்தான் வித்தியாசம்.

சந்தையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'செடி நீலத்தில் கூடுதலாக உள்ள பொருட்கள்தான் நல்ல நிறத்தைத் தருகின்றன' என்றார்கள் தோட்டக்காரர்கள். சாயப்பட்டறைக்காரர்களுக்கு வேண்டியது, ஒவ்வொரு பெட்டியும் ஒரே வீரியத்தில் இருக்கும் சரக்கு. அரசாங்கச் சீருடைகளுக்குச் செடி நீலமே வேண்டும் என்று மனுப் போட்டுப் பார்த்தார்கள். ஜெயித்த பி.ஏ.எஸ்.எஃப்புக்கும் நிம்மதியில்லை. ஹாய்மன் சொன்ன முதல் வழி இருக்கிறதே, விளைச்சல் மோசம் என்று ஒதுக்கிய அனிலீன் வழி, அதை 1901-ல் ஃப்ளேகர் என்பவர் சோடமைடு சேர்த்து உயிர்ப்பித்துவிட்டார். அது ஹெக்ஸ்ட் கைக்குப் போனது. பதினேழு வருடம் தவமிருந்து கட்டிய நாப்தலீன் வழி நாலே வருடத்தில் பழசாக ஆரம்பித்தது. இன்று நாம் போடும் ஜீன்ஸின் நீலம் அந்த ஒதுக்கப்பட்ட வழியின் வாரிசுதான்.

இதுவரை சொன்னது இரண்டு முதலாளிகளின் கதை. இதில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு.

வங்காளத்தில் 1859-60-ல் அவுரி விவசாயிகள் கலகம் செய்து, தீனபந்து மித்ராவின் 'நீல தர்ப்பண்' நாடகம் வந்து, விசாரணைக் கமிஷன் உட்கார்ந்த பிறகு தொழில் பெரும்பாலும் பீகாருக்கு நகர்ந்தது. அங்கே சம்பாரணில் 'தீன்கதியா' என்ற முறை இருந்தது. கதா என்பது ஒரு பிகாவில் இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு குத்தகை விவசாயியும் பிகாவுக்கு மூன்று கதா நிலத்தில், அதுவும் நல்ல நிலத்தில், துரைக்காக அவுரி போட்டே ஆகவேண்டும். விலை துரை வைப்பது.

செயற்கை நீலம் வந்து விலை சரிந்ததும் என்ன நடக்கவேண்டும்? கட்டாயம் தானாகவே ஒழிந்திருக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத பயிர்தானே! இங்கேதான் துரைமார்களின் உண்மையான 'வியூகம்' வெளிவந்தது. 'அவுரி போடும் கடமையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்கு நஷ்டஈடு கொடு' என்றார்கள். நிரந்தரக் குத்தகை உரிமை உள்ள இடங்களில் வாரத்தை நிரந்தரமாக உயர்த்தினார்கள். அதற்குச் 'சரஹ்பேஷி' என்று பெயர். தற்காலிகக் குத்தகை உள்ள இடங்களில் மொத்தமாக ஒரு தொகை, அது 'தாவான்'. கையில் காசில்லாதவர் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

இதை முதல் தடவை படித்தபோது திரும்பப் படித்தேன். விலை சரியப்போகிறது என்று தெரிந்தவர், தெரியாதவரிடம், மதிப்பில்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு கடமையை விலைபேசி விற்றிருக்கிறார். இன்றைய நிதிச்சந்தையில் இதற்கு நாகரிகமான பெயர்கள் இருக்கும். லுட்விக்ஸ்ஹாஃபனில் நடந்த கண்டுபிடிப்பின் செலவைக் கடைசியில் கட்டியது ஜெர்மனி என்றொரு நாடு இருப்பதையே கேள்விப்பட்டிராத ஒருவர். 1900-ல் பெர்லினில் புரூங்க் பேசும்போது, இந்தியாவில் அவுரி நிலங்கள் இனி உணவுப் பயிருக்குக் கிடைக்கும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். நிலம் கிடைத்தது என்னவோ உண்மைதான். ரசீது வேறொருவர் பேரில் வந்தது.

பிறகு 1914. போர் வந்து ஜெர்மன் சாயம் நின்றது. அவுரி விலை ஏறியது. ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதிவைத்த பயிர் திரும்ப விதைக்கப்பட்டது. விடுதலைக்குக் காசு வாங்கிய தொழிற்சாலைகளே சில இடங்களில் மறுபடி அவுரி கேட்டன. வியூகம் வகுப்பவர்களுக்கு எவ்வளவு அழகான அடி பாருங்கள். அவுரியை விட்டு விலகியது சரியான முடிவு என்று பதினைந்து வருடம் நிரூபணமானது, ஒரே வருடத்தில் தப்பானது, போர் முடிந்ததும் திரும்பச் சரியானது.

1916 டிசம்பரில் லக்னோ காங்கிரசில் ராஜ்குமார் சுக்லா என்ற சம்பாரண் விவசாயி காந்தியைப் பிடித்து விடாமல் அழைத்ததும், 1917 ஏப்ரலில் காந்தி மோதிஹாரி போனதும் பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் 'அவுரி விவசாயிகளின் துயரம்' என்று மட்டும் இருக்கும். அவர் போய் வாக்குமூலம் வாங்கிய காலத்தில் சண்டையின் பெரும்பகுதி அவுரி போடச் சொன்னதைப் பற்றியது அல்ல, போடாமல் இருக்க வாங்கிய காசைப் பற்றியது. விசாரணைக் குழுவில் காந்தியும் உறுப்பினர். தாவானாக வாங்கிய தொகையில் 25 சதவீதம் திருப்பித் தருவது என்று முடிவானது. 1918-ல் சட்டம் வந்து தீன்கதியா ஒழிந்தது. முழுத்தொகை கேட்காமல் கால்பங்குக்கு ஏன் ஒப்புக்கொண்டார் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. துரை பணத்தைத் திருப்பித் தருவது என்பதே அந்த ஊரில் அதுவரை நடக்காத விஷயம் என்பது என் பதில்.

என் அலுவலகத்தில் 'அடுத்த மூன்று வருடம்' என்று ஒரு கூட்டம் சமீபத்தில் நடந்தது. புதுக்கருவிகள் பலித்தால் இந்தப் படம், பலிக்காவிட்டால் அந்தப் படம் என்று நன்றாகவே போட்டிருந்தார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன்: இரண்டு படத்திலும் ஒப்பந்தத்தில் இருக்கிற டெஸ்டிங் பசங்களுக்கு என்ன ஆகும்? அதற்கு ஸ்லைடு இல்லை. எனக்கும் பதில் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் சம்பாரண்.

மதராஸ் மாகாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடப்பா, நெல்லூர், தென்னாற்காடு பக்கமெல்லாம் அவுரி நிறைய இருந்தது. கடப்பா சரக்குக்கு லண்டன் சந்தையில் 'குர்பா' என்று தனிப்பெயரே உண்டு. இங்கே இலையைக் காயவைத்து ஊறப்போடும் முறை. சரக்கு பீகாரைவிட மட்டம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் பெரும்பாலும் ரயத்துகள் தங்கள் நிலத்தில் போட்ட பயிர், உள்ளூர்ச் சிறு தொட்டிகளில் எடுத்த சாயம். பீகார் மாதிரி துரைமார்களின் சாம்ராஜ்யம் இல்லை. விலை இருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் மாற்றுவார்கள். அதே காலத்தில் தென்னாற்காட்டில் நிலக்கடலை பரவி, பாண்டிச்சேரி வழியாக மார்செய்க்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. இங்கேயும் நஷ்டம் இருந்தது, ஆனால் அவுரி போடாமல் இருப்பதற்காக யாரும் தாவான் கட்டவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய ஊறல் தொட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்த்துவைத்திருக்கிறேன், தனியாக எழுதுகிறேன்.